ஐந்தாவது ஆள்

17.02.1998 – செவ்வாய்

புதுக்கடைக் கோர்ட்டடியில் இன்று பதினொரு சத்தியக்கடதாசி அடித்தேன். ஒன்றிலும் பிழை இல்லை. பதினெட்டு வருடமாகப் பிரக்கிராசியார் கந்தோரில் தட்டச்சு அடிக்கிறேன். அழிறப்பர் வாங்குவது வருடத்துக்கு ஒன்று. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் மெற்றில்டாவுக்கு மெடிக்கல் கடிதம் வந்து கிடந்தது. மெற்றில்டா இவருடைய அக்காவின் மகள். மச்சாளும் மகளுமாக யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் பதினான்கு மாதமாக இருக்கிறார்கள். கனடா மாப்பிள்ளை பெனடிக்ற் போன முறை வந்து கலியாண எழுத்தை மட்டும் முடித்து ஸ்பொன்சருக்குப் போட்டான். இந்த முறை, டிசெம்பர் 29இல், கோயிலில் தாலி கட்டினான். மூன்று கிழமை இருந்துவிட்டுப் போய்விட்டான். மெடிக்கல் வந்தால் விசா வாசலில் நிற்கிறது என்று அர்த்தம். மச்சாள் கடிதத்தை மாதா படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டா.

மீன் பொரித்தேன். மெற்றில்டா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. விரலை மடித்து நாட்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன்.

19.02.1998 – வியாழன்

ஓம். அப்படித்தான்.

மெடிக்கலில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் எடுக்க மாட்டார்கள், பிள்ளைப்பேறு முடியட்டும் என்று தள்ளி வைப்பார்கள். பிறகு பிள்ளைக்கும் கடதாசி, பிள்ளைக்கும் மெடிக்கல். கந்தோரில் இப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் போகும், ஒன்றரையும் போகும். போகட்டுமே. பிள்ளை வருகிறது, விசா பிந்துகிறது. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?

மச்சாள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. குசினிக்குள் அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னா. "அமலம், ஒருத்தருக்கும் வாய் விடாதையும். ரெண்டு மாசம் ஆகேல்லை. வொஷ் பண்ணினாச் சரி."

வொஷ். சட்டையா தோய்க்கிறது?

22.02.1998 – ஞாயிறு

பூசை முடிந்து பௌஸியின் கொமினிகேஷன் போன் கடையில் காத்திருந்தோம். பெனடிக்ற் பதினொரு மணிக்கு எடுப்பான். தாய் கதைத்தா, மகள் இரண்டு தரம் "ம்" என்றாள், பிறகு நான் றிசீவரைப் பறித்தேன்.

"மாமி, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. இப்ப வேண்டாம் எண்டுதான் சொல்லுறன். முதல் இஞ்ச வரட்டும். பிறகு எத்தினையும் பெறலாம்."

"பெறலாம். ஆனா இந்தப் பிள்ளையைப் பெறேலாது."

"மாமி, அது இன்னும் பிள்ளை இல்லை."

"அப்ப என்ன, கத்தரிக்காயோ?"

பௌஸி கண்ணாடியைத் தட்டி, "அக்கா, ரோட்டு வரைக்கும் கேக்குது" என்றார். கேட்கட்டும். ஞானஸ்நானம் எடுத்தவன், பலிப்பீடத்தில் பாதருக்கு மணி அடித்தவன், பனிக்குள் நின்று எனக்குப் பிள்ளை எது, பிள்ளை இல்லாதது எது என்று படிப்பிக்கிறான். இந்த வரியைப் பேனையால் குத்திக் குத்தித்தான் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

25.02.1998 – விபூதிப் புதன்

என் நெற்றியில் சாம்பல். மச்சாளின் நெற்றியிலும் அதே பாதர் பூசிய அதே சாம்பல். முகம் கழுவுவதற்கு முதலே நுகேகொடையில் வொஷ் பண்ணுகிற டொக்டருக்குப் போன் எடுத்து நாள் கேட்டா.

01.03.1998 – ஞாயிறு

இன்று பாதரின் பிரசங்கம் பிறவாத சிசுக்களைப் பற்றி. தபசு காலத்துக்கென்று தாய்மார் சங்கம் ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்தது. சங்கத்தின் காரியதரிசி நான்; ஸ்டென்சில் வெட்டியதும் நான். இருநூறு பிரதி. தாயின் வயிற்றில் உருவாகும் முதல் நாளே ஆண்டவர் அந்த உயிரைப் பெயர் சொல்லி அறிவார் என்று போட்டிருந்தோம். அதை நான் நம்புகிறேன். எழுதுவதற்காக நம்புகிறவள் இல்லை நான். என் பெயரே அமலோற்பவம். மாதா பிறந்த நாளைக் கொண்டாடுகிற சபை, அவ தன் தாயின் வயிற்றில் உண்டான நாளையும் கொண்டாடுகிறது. அந்த நாளில் பிறந்தபடியால்தான் அப்பா எனக்கு இந்தப் பெயர் வைத்தார். வயிற்றில் இருப்பது ஒன்றுமில்லை என்றால் என் பெயருக்கும் அர்த்தமில்லை.

மச்சாள் ஒரு பிரதி வாங்கி, நாலாக மடித்து, செபப்புத்தகத்துக்குள் வைத்தா. படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில் என்பது சைவக்காரரின் பழமொழி. எங்களுக்கும் அளந்து தைத்த மாதிரிப் பொருந்துகிறது.

பூசை முடிந்து பாதரைத் தனியப் பிடித்துச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். ஒருக்கால் வீட்டுக்கு வந்து கதையுங்கோ என்று கேட்டேன்.

"குடும்ப விசயம் அமலம். நான் வந்தா இன்னும் பிரச்சினையாகும். செபத்தில வைக்கிறன்."

மைக்குக்கு முன்னால் அவ்வளவு சத்தம். வாசல்படியில் இவ்வளவு மெதுவாக.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "அக்காவோட நான் என்னெண்டு கதைக்கிறது?" என்று வானொலியைத் திருகினார். துறைமுகத்தில் எத்தனை மூட்டை இறங்கியது என்று மட்டும் இந்த மனிசனுக்குச் சரியாகத் தெரியும்.

06.03.1998 – வெள்ளி

நேற்று மருதானையில் குண்டு. பஸ்ஸில் போன சனம். இன்று கந்தோரை மதியமே பூட்டிவிட்டார்கள். கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்து வந்தேன். நாலு இடத்தில் அடையாள அட்டை காட்டினேன்.

மச்சாள் வாசலில் நின்றா. நான் உள்ளே வந்து செருப்புக் கழற்றுவதற்கு முதலே தொடங்கினா.

"இப்ப சொல்லும். இந்த ஊரில என்ர பிள்ளையை இன்னும் ஒண்டரை வருசம் வைச்சிருக்கச் சொல்லுறீரோ? என்ர பெடியனை தொண்ணூற்றைஞ்சில செல்லடிக்குக் குடுத்தனான். ஓலைப்பெட்டிக்குள்ள அள்ளித்தான் தந்தவங்கள். உம்மடை மகனைப் பத்தொன்பது வயசில ஜேர்மனிக்கு அனுப்பினீர். நான் ஏதும் சொன்னனானோ? இருக்கிற உயிரைக் காப்பாத்தத்தான் நான் பாக்கிறன். வராத உயிருக்காக வந்த உயிரைக் குடுக்கச் சொல்லுதோ உம்மடை வேதம்?"

என் வேதமாம். ஒரே கோயில்தான் இருவருக்கும்.

அவவுக்குப் பதில் சொல்ல வாய் எடுத்தேன். செருப்பை மூலையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அந்தப் பெடியன் சேவியரை எனக்கும் தெரியும். நான்தான் அவனுக்கு முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைத்தேன். ஆனால் இப்போது, ஒரு மணித்தியாலம் கழித்து, பதில் வருகிறது. வராத உயிர் இல்லை மச்சாள். வந்துவிட்டது. ஒரு பிள்ளையைச் செல்லுக்குக் கொடுத்தவ இன்னொரு பிள்ளையைக் கையாலே கொடுக்கலாமோ? நீங்கள் அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கத்தினது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. இதற்கு யார் கத்துவது?

நுகேகொடையில் நாள் வைத்துவிட்டார்கள். திங்கள் 16, காலை பத்து மணி.

10.03.1998 – செவ்வாய்

குண்டுக்குப் பிறகு எல்லாத் தமிழ் வீடும் பொலிஸ் பதிவை மறுபடி செய்ய வேண்டுமாம். யார் யார் இருக்கிறார்கள், என்ன உறவு, என்ன வயது, எதற்காக நிற்கிறார்கள், மொத்தம் எத்தனை பேர். மூன்று பிரதி. படிவம் சிங்களத்தில், இங்கிலிஷில் நிரப்பினால் ஏற்பார்கள். ஒழுங்கை முழுவதற்கும் நிரப்பிக் கொடுப்பது நான்தான். என் படிவம் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

ஒன்பது வீட்டை முடித்துவிட்டு எங்களுடையதை எடுத்தேன். இருதயநாதன், 54. அமலோற்பவம், 49. திரேசம்மா, 57. மெற்றில்டா, 26. அப்போது முன்னறையிலிருந்து மச்சாளின் குரல். "திங்கட்கிழமை வெறும் வயித்தோட வரட்டாம். பழைய சீலை ரெண்டு கொண்டு வரட்டாம்."

என் பேனை நின்றுவிட்டது.

படிவத்தின் கடைசி வரியில், மேலே சொன்ன யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன் என்று இருக்கிறது. இந்த மாதிரி வரியை ஆயிரம் பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருவரிடமும், வாசிச்சு விளங்கித்தான் கையெழுத்து வைக்கிறீங்களோ என்று கேட்டிருக்கிறேன். இந்த வீட்டில் எத்தனை பேர்? நாலு என்று எழுதினால் நானும் பெனடிக்ற் சொன்னதையே சொல்கிறேன். துண்டுப்பிரசுரத்தில் ஒரு கணக்கு, படிவத்தில் ஒரு கணக்கா?

ஐந்து என்று எழுதினேன்.

ஐந்தாவது வரியில் இங்கிலிஷ் வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு இங்கிலிஷ் வராது. தமிழில் எழுதினேன், இன்னும் பெயர் வைக்கவில்லை என்று. உறவு என்ற இடத்தில் பேரப்பிள்ளை. கையெழுத்து வைத்தேன், மூன்று பிரதியிலும். நெஞ்சு கொஞ்சம் ஆறினது. ஒரு இடத்திலாவது அந்தப் பிள்ளை எழுதப்பட்டிருக்கட்டும்.

11.03.1998 – புதன்

பொலிஸில் ஒருவரும் வாசிக்கவில்லை. கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தான், முத்திரை குத்தினான். எங்கள் பிரதியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

16.03.1998 – திங்கள்

எழுத வேண்டும். எழுதாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்.

நேற்றுக் காலை, ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். ஒழுங்கையை இரண்டு பக்கமும் மறித்துவிட்டார்கள். ஆமியும் பொலிஸும். எங்கள் வீட்டுக்குள் ஆறு பேர் புகுந்தார்கள். ஆணியில் இருந்த படிவத்தை ஒரு இன்ஸ்பெக்டர் எடுத்தான். எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணினான். மறுபடி எண்ணினான்.

"பஸ்வெனியா கோ?"

ஐந்தாவது ஆள் எங்கே என்று கேட்கிறான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடவுளே, எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழில் எழுதிய அந்த ஒரு வரியை விரலால் குத்தி, மற்ற நாலும் இங்கிலிஷில், இது மட்டும் ஏன் தமிழில் என்று கேட்டான். நான் மெற்றில்டாவைக் காட்டி, "படே, மஹத்தயா. படே லமயெக் இன்னவா" என்றேன். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று சொல்கிறேன். அவன் அவள் வயிற்றைப் பார்த்தான். பதினொரு கிழமை வயிறு, தட்டையாக இருந்தது. "பொரு கியன்ட எப்பா" என்றான். பொய் சொல்லாதே என்று எனக்கு. எனக்கு!

அலுமாரியை இழுத்துப் போட்டார்கள். சீலிங் பலகையைத் துவக்கால் இடித்தார்கள். இந்தக் கொப்பியையும் ஒருவன் புரட்டிப் பார்த்துவிட்டு எறிந்தான். ஆள் கிடைக்கவில்லை. இல்லாத ஆள் எப்படிக் கிடைப்பான். இல்லை – இருக்கிற ஆள். கிடைக்கிற இடத்தில் தேடவில்லை.

ஐந்தாவது ஆளை எங்கே ஒளித்தாய் என்று இவரைக் கேட்டு ஒருவன் காதைப் பொத்தி அறைந்தான். வீட்டுக்காரர் என்று இவரையும், யாழ்ப்பாணத்தாள் என்று மெற்றில்டாவையும் ட்ரக்கில் ஏற்றினார்கள். எந்த ஸ்ரேசன் என்றுகூடச் சொல்லவில்லை.

மச்சாள் என் கன்னத்தில் அடித்தா. நான் தடுக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்றுகூட என்னால் சொல்ல முடியாது. குரங்கு என்றாலும் ஆரையும் ட்ரக்கில் ஏத்தாது.

இன்று காலை பத்து மணி. நுகேகொடையில் இருக்க வேண்டியவள் ஸ்ரேசனில் இருக்கிறாள். நான் கேட்டது இதில்லை. ஆண்டவரே, நான் கேட்டது இதில்லை.

17.03.1998 – செவ்வாய்

விட்டுவிட்டார்கள். இருவரையும்.

நேற்று மத்தியானம் பௌஸிதான், பொலிஸுக்குள் இருக்கிற தன் சிநேகிதன் மூலம், எந்த ஸ்ரேசன் என்று பிடித்துத் தந்தார். நானும் மச்சாளும் போனோம். வாசலில் பாதர் நின்றார், வெள்ளை அங்கி முழுக்க வேர்வை. எங்களுக்கு முதலே வந்து இரண்டு மணித்தியாலமாக நிற்கிறாராம். நன்றி சொல்ல வேண்டியவள் நான். வாயிலிருந்து வந்தது, "இதுக்கு வர ஏலுமெண்டா அதுக்கும் வந்திருக்கலாம் பாதர்" என்பதுதான். தலையைக் குனிந்துகொண்டார். அவர் பிணைக்கையெழுத்து வைக்காவிட்டால் இன்றும் விட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

டொக்டரின் கடிதம் கேட்டார்கள். கர்ப்பம் என்று அத்தாட்சி. மச்சாளிடம்தான் இருந்தது, கைப்பைக்குள், நுகேகொடைக்குக் கொண்டுபோவதற்கென்று எடுத்த சிறுநீர் றிப்போர்ட். அந்தப் பிள்ளையை அழிக்க எடுத்த கடதாசியை, அந்தப் பிள்ளை இருக்கிறது என்று காட்ட நீட்டினா. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு கோபம் எனக்கு.

ஸ்ரேசன் பொறுப்பதிகாரி ஓ.ஐ.சி. கண்ணாடியைக் கழற்றி றிப்போர்ட்டையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வேலையில் இருபது வருடம், இப்படி ஒரு படிவம் காணவில்லை என்றார். பிறகு சிரிக்காமல் புத்தகத்தில் எழுதினார். பிள்ளை பிறக்கிற மாதம் என்ன என்று கேட்டார். ஐப்பசி அளவில் என்றேன். "ஒக்தோபர் வல பஸ்வெனியா மட்ட பென்னன்ன ஓனே" என்றார். ஒக்டோபரில் ஐந்தாவது ஆளைக் கொண்டுவந்து தனக்குக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் ஒளித்து வைத்த ஆள் என்றுதான் தான் எடுப்பாராம்.

மச்சாள் என்னைப் பார்த்தா. இனி நுகேகொடை இல்லை என்று இருவருக்கும் விளங்கியது. நான் வென்றுவிட்டேன். துவக்கு வைத்திருக்கிறவன் என் பக்கம் நின்று எனக்கு வென்று தந்தான். வாய் கசக்கிறது.

இவருக்கு இடது காது கேட்கவில்லை.

18.03.1998 – புதன்

மெற்றில்டா இன்று வாய் திறந்தாள். திறந்தாள் என்றால், கொட்டினாள்.

பால் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். வயிறு நோகுதோ, இரத்தம் ஏதும் பட்டதோ என்று கேட்டேன்.

"இப்பவும் வயித்தைத்தான் கேக்கிறீங்கள் மாமி. அம்மாவும் ஒரு மாசமா என்ர வயித்தைத்தான் பாத்தவ. அவரும் போனில வயித்தைப் பற்றித்தான் கதைச்சவர். நீங்களும் அதைத்தான் படிவத்தில எழுதினீங்கள். ட்ரக்கில ஏறினது நான். சிமெந்துத் தரையில இருந்தது நான். ஒருத்தராவது மெற்றில்டா, உனக்கு என்ன வேணும் எண்டு கேட்டனீங்களோ?"

தேத்தண்ணிக் கோப்பையை அவளுக்குக் கிட்ட நகர்த்தினேன்.

"கேட்டது ஆர் தெரியுமோ? அங்க இருந்த பொலிஸ்காரி. தன்ர கதிரையைத் தந்து, தான் தின்ன வைச்சிருந்த பணிசைப் பிச்சுத் தந்து, என்ர வயித்தைத் தொட்டுக் காட்டி, வேணுமோ எண்டு கேட்டவள். எங்களை அடிக்கிற சாதியில ஒருத்தி கேட்டவள். நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

"நீ என்ன சொன்னனீ?"

"அதை உங்களுக்குச் சொல்ல மாட்டன்."

தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒரு மாதமாக எல்லாரையும் திட்டி எழுதியிருக்கிறேன். மச்சாள், பெனடிக்ற், பாதர், இவர். பக்கம் பக்கமாக. திருப்பி வாசித்தேன். மெற்றில்டா சொன்ன ஒரு வசனம்கூட இல்லை. நான் அவளை ஒன்றும் கேட்கவே இல்லை, பிறகு எப்படி எழுதுவது.

ஆண்டவர் பெயர் சொல்லி அறிகிற பிள்ளை என்று அடித்தேனே, இவளையும் அவர் பெயர் சொல்லித்தானே அறிந்திருந்தார்? இவளும் ஒரு தாயின் வயிற்றில் இருந்து வந்தவள்தானே? பிறந்தவுடன் கணக்கில் இருந்து விழுந்துவிடுகிறார்களா?

25.03.1998 – புதன், மங்கள வார்த்தைத் திருநாள்

இன்று கோயிலில் ஒன்று உறைத்தது. வானதூதர் மாதாவிடம் வந்து சொல்லிவிட்டுப் பதிலுக்கு நின்றார். ஓம் என்று அவ சொல்லும் வரைக்கும் நின்றார். ஆண்டவரே கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

நாற்பது வருடமாக இந்தத் திருநாளுக்குப் போகிறேன்.

12.04.1998 – உயிர்த்த ஞாயிறு

மச்சாளும் நானும் இன்னும் கதைப்பதில்லை. ஒரே குசினி, இரண்டு அடுப்பு.

17.05.1998 – ஞாயிறு

மெற்றில்டா குசினி வாசலில் நின்று, "மாமி, அசையுது" என்றாள். எனக்குத்தான் சொன்னாள். தாய்க்கு முதல்.

தொட்டுப் பார் என்று அவள் சொல்லும் வரைக்கும் நான் தொடவில்லை. சொன்னாள்.

பெனடிக்ற் மூன்று மாதமாக எடுக்கவில்லை. இவருக்கு டொக்டர் இரண்டு தரம் காது பார்த்துவிட்டார், பறை கிழிந்துவிட்டதாம். வானொலியை இப்போது வலப்பக்கம் வைத்திருக்கிறார். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படிவம் நினைவு வருகிறது. ஐந்து என்று எழுதினது பிழையில்லை. மெற்றில்டாவைக் கேட்காமல் எழுதினது பிழை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் சுமக்க வேண்டும்.

27.09.1998 – ஞாயிறு

நேற்றுப் பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. நிறை ஆறு இறாத்தல். தலைமயிர் நிறைய.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெற்றில்டா நான் கேட்காமலே சொன்னாள். "மாமி, அண்டைக்கு அந்தப் பொலிஸ்காரிக்கு என்ன சொன்னனான் எண்டு கேட்டனீங்கள். எனக்குத் தெரிஞ்ச சிங்களம் கடையில சாமான் வாங்கிற சிங்களம்தான். ஓனே எண்டனான்."

ஓனே. வேணும்.

"பயத்தில சொன்னனோ எண்டு பிறகு கன நாள் யோசிச்சனான். பயம் போன பிறகும் அதைத்தான் சொன்னன்" என்றாள்.

மச்சாள் பிள்ளையைக் கையில் வாங்கினா. "என்ர ராசாத்தி, என்ர சேவியற்றை மூக்கு" என்று கத்தி அழுதா. எனக்குச் சுறுக்கென்றது. இந்த மூக்கையா வொஷ் பண்ணச் சொன்னீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. மறக்கவும் மாட்டேன். வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குப் பூச அவவுக்கு எண்ணெய் காய்ச்சிப் போத்தலில் விட்டு வைத்தேன்.

05.10.1998 – திங்கள்

ஐந்தாவது ஆளை ஓ.ஐ.சி.க்குக் காட்டினோம். பழையவர் இடம் மாறிப் போயிருந்தார். புதிய ஆளுக்கு ஒன்றும் தெரியாது. பெயர் என்ன என்று கேட்டார். புதிய படிவத்தில் அந்த வரியை நான் வெறுமையாக விட்டிருந்தேன். மெற்றில்டா தன் கையால் எழுதினாள். ஜெனோவா.

பெனடிக்ற் நேற்று எடுத்தான். அழுகைச் சத்தம் கேட்க வேண்டுமாம். பௌஸியின் கண்ணாடிக் கூட்டுக்குள் பிள்ளையைக் கொண்டுபோனோம். பிள்ளை நித்திரை. பத்து நிமிடம் அவன் அந்தப் பக்கம் சும்மா காத்திருந்தான். இருக்கட்டும். பிள்ளைக்கும் கடதாசி போட்டிருக்கிறானாம்.

22.11.1998 – ஞாயிறு

மாசில்லாக் குழந்தைகள் திருநாளுக்கு, போன தபசு காலத்துத் துண்டுப்பிரசுரத்தை மறுபடி அடித்துத் தரும்படி பாதர் கேட்டார். ஒரு சொல்லும் மாற்றாமல் ஸ்டென்சில் வெட்டினேன். கடைசியில் மட்டும் என் பாட்டில் இரண்டு வரி கூட்டினேன். முதலில் அவளைக் கேளுங்கள். இடமில்லை என்றால் எங்கள் வீட்டில் முன்னறை இருக்கிறது. கீழே விலாசம்.

பாதர் வாசித்தார். வெட்டச் சொல்வார் என்று சண்டைக்கு ஆயத்தமாகத்தான் நின்றேன். "உங்கட வீட்டில கன பேர் எல்லோ அமலம்" என்றார். "நெருங்கிப் படுப்பம்" என்றேன்.

28.12.1998 – திங்கள், மாசில்லாக் குழந்தைகள் திருநாள்

பொலிஸ் பதிவு புதுப்பிக்கிற நாள். கொழும்பில் இது ஓயாது.

போன கிழமை பாதர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசல் வரைக்கும் இல்லை, வீட்டுக்குள் வந்து இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். சீனியம்மா, வயது இருபத்தொன்று, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் ஒரு வீட்டில் வேலை. வயிற்றில் மூன்று மாதம். விசயம் தெரிந்த அன்றே அந்த வீட்டுக்காரர் பெட்டியை வெளியே வைத்துவிட்டார்கள். யார் பொறுப்பு என்று அவள் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரரை நினைக்க எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மச்சாள்தான் அவளுக்குப் பாய் போட்டா, தன் பாய்க்குப் பக்கத்தில்.

படிவத்தை எடுத்தேன். இவர், நான், மச்சாள், மெற்றில்டா, ஜெனோவா, சீனியம்மா. ஆறு வரி. மொத்தம் என்ற பெட்டியில் பேனையை வைத்துவிட்டு நிறுத்தினேன்.

சீனியம்மாவைக் கூப்பிட்டேன். படிவத்தைக் காட்டி, போன முறை நான் செய்ததையும் அதனால் வந்ததையும் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னேன். இவருடைய காதைப் பற்றியும் சொன்னேன். "என்னைக் கேட்டா அது ஒரு ஆள்தான். ஆனா இது உன்ர பெயரோட போற கடதாசி. நீ என்ன சொல்லுறாய்?"

அவள் ஜெனோவாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். நான் பேனையை மூடிவிட்டு அரிசி களைந்தேன். ஸ்ரேசன் நாளைக்கும் திறந்துதான் இருக்கும்.

சோறு வடிக்கும்போது வந்து நின்றாள்.

"ஏழுன்னு போடுங்கம்மா."

போட்டேன். ஏழாவது வரியை இங்கிலிஷில் எழுதினேன். டொக்டரின் கடிதத்தையும் கூடவே வைத்துக் குண்டூசி குத்தினேன், மூன்று பிரதியிலும்.